அரிவாள் இல்லாமல் ஒரு மதுரைக்காரனை எழுதுவது எப்படி

குறும்படத்துக்கு வசனம் பார்த்துத் தரச் சொல்லி வருகிறவர்களில் பாதிப் பேர், "இவன் மதுரைக்காரன், கொஞ்சம் மதுரை ஸ்லாங் போட்டுக் கொடுங்க" என்றுதான் ஆரம்பிப்பார்கள். குழம்பு கொதித்து முடிந்த பிறகு கொத்தமல்லி தூவுகிற மாதிரி. அப்படித் தூவித் தூவித்தான் மதுரைக்கு அரிவாளும் கோவைக்கு 'ஏனுங்க'வும் நெல்லைக்கு 'ஏலே'யும் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டன. இதிலிருந்து தப்பிக்க நான் பழகி வைத்திருக்கும் சில வழிகளைச் சொல்கிறேன், படம் எடுக்காதவர்கள் படம் பார்க்கும்போது போட்டுப் பார்க்கலாம்.

முதலில், எழுதிய காட்சியில் ஊர்ப் பெயரை அடித்துவிட்டு வேறு ஊரைப் போட்டுப் பாருங்கள். எதுவும் உடையவில்லை என்றால் அங்கே ஊரே இல்லை, பெயர்ப்பலகைதான் இருக்கிறது. 2003இல் தெலுங்கில் வந்த 'ஒக்கடு' படத்தின் வில்லன் கர்னூல்காரன், ராயலசீமா கோஷ்டிச் சண்டைப் பின்னணி. 2004இல் அது தமிழில் 'கில்லி' ஆனபோது கர்னூல் இருந்த இடத்தில் மதுரை வந்து உட்கார்ந்தது. இரண்டிலும் பிரகாஷ்ராஜ்தான் வில்லன், கதைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. படம் எனக்கும் பிடிக்கும், இன்றைக்கு டிவியில் போட்டாலும் சேனலை மாற்ற மாட்டேன், அது வேறு. ஆனால் நாம் 'மதுரைக் கோபம்' என்று நம்பிக்கொண்டிருப்பதில் கொஞ்சம் பக்கத்து மாநிலத்துச் சரக்கு என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் அவன் காலையில் எழுந்து எங்கே போகிறான் என்று எழுதுங்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வீடா, பூ மார்க்கெட்டா, ஐகோர்ட் கிளையில் வக்கீல் குமாஸ்தாவா? மதுரையில் தலைமுறை தலைமுறையாக வீட்டுக்குள் சௌராஷ்டிரமும் வெளியே தமிழும் பேசுகிற பெரிய சமூகம் இருக்கிறது. டி.எம்.சௌந்தரராஜன் அந்த வீடுகளில் ஒன்றிலிருந்து வந்தவர்தான். மதுரைப் படங்களில் அவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கோவையும் அப்படித்தான். பவுண்டரி, கிரைண்டர் பட்டறை, மோட்டார் காயில் கட்டுகிற கடை, வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பம் என்று எவ்வளவோ இருக்க, சினிமாவுக்குத் தெரிந்தது தோப்புக்கு நடுவில் பெரிய வீடு வைத்திருக்கும் வெள்ளந்தி மனிதர் ஒருவர்.

பேச்சுக்கு வருவோம், அதிகம் சறுக்குவது இங்கேதான். வட்டார வழக்கு என்பது நாலு சொல் இல்லை, யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பது. எங்கள் நெல்லைப் பக்கம் 'ஏல' என்பது சின்னவனிடமும் கூட்டாளியிடமும் மட்டும். அதே வாய் பெரியவர்களைப் பற்றிச் சொல்லும்போது 'அவிய வந்தாவ' என்று பணியும், கடைக்காரரிடம் 'அண்ணாச்சி' என்று குழையும். சினிமா 'ஏலே'யை எடுத்துக்கொண்டு 'வந்தாவ'வை விட்டுவிட்டது, அதனால் மொத்த மாவட்டமும் எந்நேரமும் யாரையோ அதட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி ஆகிவிட்டது.

நான் மட்டும் ஒழுங்கா என்றால் இல்லை. ஒருமுறை கோவைக் கதையில் அப்பா மகனை 'ஏனுங்க' என்று கூப்பிடுவதாக எழுதி, அந்த ஊர் நண்பனிடம் படிக்கக் கொடுத்தேன். "எங்கப்பா என்னைய ஏனுங்கன்னு கூப்ட்டாருன்னா, நா என்னமோ பெரிய தப்புப் பண்ணிப்போட்டேன்னு அர்த்தம்" என்றான். வீட்டில் அவன் 'கண்ணு', கோபம் வந்தால் வெறும் 'டேய்'. அம்மாவைப் பெற்ற தாத்தா 'அப்புச்சி'. அந்த ஒரு 'அப்புச்சி' செய்கிற வேலையை நூறு 'ங்க' செய்யாது.

ஆகவே உறவுமுறைப் பெயர், வினைச்சொல்லின் வால், வீட்டுச் சாமான் பெயர் இந்த மூன்றையும் முதலில் சரிபாருங்கள். ஒரே துணியை ஒருவன் லுங்கி என்பான், ஒருவன் கைலி என்பான், எங்கள் ஊரில் சாரம். இதையெல்லாம் சேகரிக்கப் போகும்போது "உங்க ஊர் பாஷையில பேசுங்க" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அவரும் சினிமா பார்க்கிறவர்தான், உடனே நடிக்க ஆரம்பித்துவிடுவார். வரப்புத் தகராறையோ தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பற்றாமல் போனதையோ கேளுங்கள், அனுமதி வாங்கிப் பதிவு செய்து, ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிவைத்து, பிறகு பாதியைக் குறையுங்கள்.

இலங்கைத் தமிழ்ப் பாத்திரம் என்றால் இன்னும் கவனம். யாழ்ப்பாணப் பேச்சு வேறு, 'மறுகா' என்று சொல்கிற மட்டக்களப்புப் பேச்சு வேறு, மலையகத் தமிழ் வேறு. எல்லாருக்கும் ஒரே ராகத்தைப் போட்டு அழவிடுவது நம் சினிமாவின் பழைய சோம்பேறித்தனம்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. திரையில் 'ஊர்க் குணம்' என்று வருவது பல நேரம் ஒரு சாதி தன்னைப் பற்றி வரைந்துகொண்ட படம்தான். மானம், மீசை, பெரிய வீட்டு மரியாதை எல்லாம். உங்கள் கேமரா ஊரின் எந்தத் தெருவில் நிற்கிறது என்று பாருங்கள். அந்த மரியாதையான 'ங்க' எல்லாருக்கும் கிடைக்கிறதா, வயதான ஒருவரை யாராவது சின்னப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறானா என்று பாருங்கள். அதைக் காட்டாமல் விட்டுவிட்டுக் கோயம்புத்தூர்க் குசும்பு என்று சிரிக்க வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, எழுதியதை அந்த ஊர்க்காரர் இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவராவது பெண்ணாக, இருவரும் வேறு வேறு தெருவாக இருக்கட்டும். "சரியா இருக்கா?" என்று கேட்டால் பாவம் பார்த்துச் சரி என்பார்கள். சத்தமாக வாசிக்கச் சொல்லி, நாக்கு தடுக்குகிற இடத்தில் கோடு போடுங்கள். என் கோவை நண்பன் அப்படி வாசித்து முடித்தபோது இரண்டு பக்க வசனத்தில் பதினோரு வரிதான் மிஞ்சியது, அப்பாவுக்கும் மகனுக்கும் நடுவில் அதற்கு மேல் பேச்சே கிடையாது என்றான்.