பாபநாசம், குற்றாலம் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

காலையில் பாபநாசம் கோயில், அப்படியே அகஸ்தியர் அருவி, சொரிமுத்து அய்யனார், முண்டந்துறைக் காடு, சாயங்காலம் குற்றாலம். பொதிகை மலைப் பக்கம் வேன் பிடித்து வருகிறவர்கள் பலருடைய திட்டம் இதுதான். எல்லாம் பக்கம் பக்கம்தானே என்று தோன்றும். ஆனால் கோயிலுக்கு ஒரு நேரம், காட்டுக்கு ஒரு நேரம். அருவியில் வெள்ளம் வருவதற்கோ நேரம் காலமே கிடையாது.

பதினொன்றரை மணிக்குப் பாபநாசத்தில் இறங்கி, ‘குளித்துவிட்டுச் சாமி கும்பிடலாம்’ என்று தாமிரபரணியில் இறங்குவார்கள். ஏறி வருவதற்குள் நடை சாத்திவிடும். சாயங்காலம் வரை காத்திருந்தால் அன்றைக்குக் காடு போச்சு. பொழுது சாய்ந்தபின் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்ட விடமாட்டார்கள். விடியற்காலையிலேயே கோயிலை முடித்துவிட்டு மேலே ஏறுவதுதான் சரி. ஆடி அமாவாசையை ஒட்டி வருவதென்றால் கதையே வேறு. சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் அலைமோதும், சொந்த வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும்.

அப்புறம், குளித்த துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிற பழக்கம். பாவம் தொலைகிறதோ இல்லையோ, அந்தத் துணி படித்துறையிலும் பாறை இடுக்கிலும் மாட்டிக்கொண்டு, அடுத்து இறங்குகிறவர் காலைச் சுற்றுகிறது.

களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம். அதற்காகச் சாலையில் போகும்போதே புலி தென்படும் என்று வந்தால் ஏமாற்றம்தான். பாட்டை நிறுத்திவிட்டு மெதுவாகப் போனால் மிளா மான், மலை அணில், கருமந்திக் குரங்கு கண்ணில் படலாம். குரங்குக்கு மட்டும் தின்பண்டம் போடாதீர்கள். இன்று நீங்கள் கொடுத்த பழக்கத்தில்தான் நாளை அது ஒரு குழந்தையின் கையிலிருந்து பையைப் பிடுங்குகிறது.

உயிருக்கே ஆபத்தான தவறுகள் அருவியில்தான். ‘இங்கே வெயில் அடிக்கிறதே, என்ன ஆகிவிடும்?’ என்பது அதில் முதலாவது. மழை பெய்வது மேலே, மலையில். கீழே ஒரு தூறல்கூட இல்லாதபோதே வெள்ளம் வந்து சேரும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. அது சீசன்கூட இல்லை. தெளிவாக விழுந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே வெளியே வந்துவிட வேண்டும். செருப்பைத் தேடுவது, இன்னொரு படம் எடுப்பது எல்லாம் அப்புறம். போலீஸ்காரர் விசில் அடித்தால் வாதாடாதீர்கள். மேலே என்ன நடக்கிறது என்ற செய்தி அவருக்குத்தான் வரும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் குற்றாலத்தில் சீசன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்கு மழை கொட்டும்போது குளிக்கத் தடை விழுவது சகஜம். அப்படி ஏமாந்தவர்கள் தடை இல்லாத ஓடையைத் தேடிப் போவார்கள். அங்கே விசில் அடிக்க ஆள் இருக்காது.

பேரருவியில் குளித்த பலர் ஈரம் சொட்டச் சொட்டப் பக்கத்திலிருக்கும் குற்றாலநாதர் கோயிலுக்குள் போய், கல்தரையை வழுக்குப் பாறையாக்கிவிட்டு, அப்படியே வண்டி ஏறிவிடுகிறார்கள். சித்திர சபையைப் பார்ப்பதே இல்லை. சிவன் நடனமாடியதாகச் சொல்லும் ஐந்து சபைகளில் ஒன்று அது, நடராசர் அங்கே சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். தலையைத் துவட்டி, உடை மாற்றிக்கொண்டு சும்மா நடந்தே போகலாம், பக்கம்தான். மத்தியானத்துக்குள் போங்கள்.