பெயர் இல்லாத செய்திகள்: ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கும் நிருபர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மதுரை கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உசிலம்பட்டி நிருபர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, ஒரு ஃபெலோஷிப் வந்திருக்கு. இன்னும் பத்து நாள்தான் இருக்கு. நீங்க ஏற்கெனவே வாங்கியிருக்கீங்கல்ல, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று போனில் படிவத்தைத் திறந்து காட்டினார். ஒன்பது வருடமாக எழுதுகிறவர். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாசனக் கால்வாயான 58 கிராமக் கால்வாயை மடை மடையாகத் தெரிந்தவர். படிவத்தின் மூன்றாவது கேள்வி, உங்கள் பெயரில் வெளியான ஐந்து செய்திகளைத் தேதியுடன் இணைக்கச் சொன்னது. அதைப் படித்ததும் தம்பியின் முகம் வாடிவிட்டது.

அதே கேள்வியில் நானும் ஒருமுறை சிக்கி, வாய்ப்பை இழந்திருக்கிறேன். இந்த வருடத்தில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப்பிழை பாருங்கள், கடைசித் தேதியை விட்டுவிடாதீர்கள் என்பதையெல்லாம் தினமும் டெட்லைனோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்க்காதது

ஃபெலோஷிப் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் நாலைந்து வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. இதழியல் படிக்கும் மாணவருக்குக் கல்லூரி தருவது கட்டண உதவி. ஆல்ஃபிரட் ஃபிரெண்ட்லி திட்டம் 25 முதல் 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. சுமார் ஆறு மாதம் அமெரிக்காவில் பயிற்சி, கூடவே அங்குள்ள ஒரு செய்தி நிறுவனத்தில் வேலை. ஆக்ஸ்ஃபோர்டின் ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிடியூட்டும் ஹார்வர்டின் நீமனும் குறைந்தது ஐந்து வருட அனுபவம் கேட்கும். புலிட்சர் சென்டர் தருவது படிப்பதற்கான பணம் அல்ல, ஒரு குறிப்பிட்ட செய்தியைத் தேடிப் போய் எழுதுவதற்கான செலவு. அதை ஃப்ரீலான்ஸ் ஆட்களும், அதாவது எந்த நிறுவனத்திலும் நிரந்தர வேலையில் இல்லாதவர்களும், கேட்கலாம். ரோரி பெக் டிரஸ்ட் ஃப்ரீலான்ஸ் செய்தியாளர்களுக்கென்றே இருப்பது, இக்கட்டில் இருப்பவர்களுக்குக் கைகொடுப்பது.

வயது தாண்டியவர்கள் இளையோர் திட்டத்துக்கு அனுப்பி ஏமாறுவது ஒரு பக்கம். அதைவிட என்னை வருத்துவது, தகுதி இருந்தும் ஒதுங்கிப் போகிறவர்கள். மேலூர்ப் பக்கத்தில் ஒருவர், நல்ல நிருபர், டிகிரி முடிக்கவில்லை என்பதாலேயே பல வருடம் எதற்கும் விண்ணப்பிக்காமல் இருந்தார். 1938-ல் தொடங்கிய நீமனுக்கு விண்ணப்பிக்கப் பட்டம் தேவையில்லை. ஒரு கல்வியாண்டு இருந்துவிட்டு வந்தாலும் அவர்கள் பட்டம் தருவதில்லை. ஆங்கிலத்தில் சமாளிக்கத் தெரிய வேண்டும், அது உண்மை. டிகிரி இல்லை என்று நாமே கதவைச் சாத்திக்கொள்ள வேண்டியதில்லை.

பெயர் இல்லாத செய்திகளுக்குச் சான்று வைத்துக்கொள்ளாதது

நம் ஊர் மாவட்டப் பக்கங்களில் யார் எழுதினார்கள் என்பது பெரும்பாலும் வராது. ஊர்ப் பெயரும் தேதியும் இருக்கும், மிஞ்சினால் 'நமது நிருபர்' என்று இருக்கும். பத்து வருடம் எழுதியவரின் பெயர் பேப்பரில் மொத்தம் பத்துத் தடவை வந்திருந்தால் அதிகம். பகுதிநேர நிருபர் என்றால் பலருக்கு நியமன ஆணையும் கிடையாது. வெளியே இருந்து பார்க்கும் தேர்வுக் குழுவுக்கு நாம் இல்லாத ஆள்.

நான் முதன்முதலில் விண்ணப்பித்தபோது எட்டு வருடம் எழுதி முடித்திருந்தேன். செல்லூர் வீட்டில் டிரங்குப் பெட்டியில் மூன்று லாங் சைஸ் நோட்டு நிறைய கட்டிங் இருந்தது. அந்தத் தைரியத்தில் கடைசி வாரம்தான் பெட்டியைத் திறந்தேன். மைதா பசை போட்டு ஒட்டியிருந்தேன். பசை இருந்த இடமெல்லாம் கரையான். முதல் நோட்டைத் தூக்கினால் கையில் மண்தான் வந்தது. மிச்சமிருந்த நோட்டில் எனக்கு முக்கியமான செய்தி ஒன்று தப்பியிருந்தது: திருமங்கலம் பக்கம் ஒரு கண்மாயின் வரத்துக் கால்வாய் எப்படிக் காணாமல் போனது என்பதைப் பற்றியது. ஆனால், செய்தியை மட்டும் ஓரம் பார்த்து அழகாக வெட்டியிருந்தேன். பேப்பரின் பெயரும் தேதியும் வெட்டிய தாளோடு போய்விட்டன. பின்பக்கம் திருப்பினால் அரை நகைக்கடை விளம்பரம், அதன் கீழே ஒரு சினிமா விளம்பரம். அந்தப் படம் எப்போது வந்தது என்று நண்பர்களிடம் கேட்டு மாதத்தைக் கண்டுபிடித்தேன். நாள் கிடைக்கவில்லை. அலுவலக ஃபைல் அறைக்குப் போனால் அந்த மாதத்தின் பைண்டிங் மட்டும் இல்லை.

இருந்ததை அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அவர்களிடமிருந்து மெயில் வந்தது. செய்திகள் பிடித்திருந்தன என்று முதல் வரி. இவை உங்களுடையவை என்பதற்கு என்ன சான்று என்று இரண்டாவது வரி. எனக்காகச் சொல்லக்கூடிய செய்தி ஆசிரியர் அதற்குள் வேறு பத்திரிகைக்குப் போயிருந்தார். புதிதாக வந்தவர், தான் வராத காலத்துக்குக் கையெழுத்துப் போட முடியாது என்றார். அவர் பக்கம் நியாயம்தான். அந்த வருடம் போயிற்று. அடுத்த வருடம் அந்த ஃபெலோஷிப்பே அறிவிக்கப்படவில்லை. கண்மாய் கண்மாயாக நடந்து சேர்த்த செய்தி என்னுடையது என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லாமல் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது.

இது முழுக்கத் தவிர்க்கக்கூடிய தவறு. செய்தி வந்த அன்றே முழுப் பக்கத்தையும் எடுத்து வையுங்கள், பேப்பரின் பெயரும் தேதியும் தெரிய வேண்டும். கூடவே ஒரு போட்டோ எடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். இணையத்தில் வந்திருந்தால் சுட்டியை மட்டும் நம்பாதீர்கள். தளத்தை மாற்றி அமைத்தால் பழைய சுட்டிகள் செத்துவிடும். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைக்கலாம், காசு கிடையாது.

எழுதிய செய்தியை, அதாவது காப்பியை, அலுவலகத்தில் அதைத் திருத்தும் டெஸ்குக்கு மெயிலில் அனுப்புங்கள். அவசரத்துக்கு வாட்ஸ்அப்பில் போட்டாலும், அப்புறம் மெயிலிலும் ஒரு பிரதி போகட்டும். போன் மாறினால் வாட்ஸ்அப் போய்விடும். முதல் நாள் நீங்கள் அனுப்பிய மெயிலையும் மறுநாள் அச்சான பக்கத்தையும் சேர்த்து வைத்தால் அதைவிடப் பெரிய சான்று வேண்டாம். செய்திக்குப் பணம் வந்த பேங்க் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வருடத்துக்கு ஒருமுறை ஆசிரியரிடமோ பியூரோ சீஃபிடமோ லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். இன்ன தேதி முதல் இன்ன ஊர் நிருபர், கீழே உள்ள செய்திகள் இவர் எழுதியவை என்று நாலு வரி போதும். சுமுகமாக இருக்கும்போதே கேளுங்கள். அவர் மாறிப் போன பிறகு கேட்டுப் பயன் இல்லை.

செய்திக்குப் பதிலாகத் தலைப்பை எழுதுவது

'மதுரை மல்லிகை விவசாயிகளின் பிரச்சினைகள்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தார். 2013-ல் மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றியே ஒரு பக்கம். முகூர்த்த நாளில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் விலை ஏறும்போது, விடியுமுன் பறித்தவருக்குக் கூலி ஏறுகிறதா என்று கேட்டேன். அதைத்தான் அண்ணே எழுதணும் என்றார். அப்படியானால் முதல் வரியே அதுவாக இருக்கட்டும் என்றேன்.

1990-களின் தொடக்கத்தில் கிராமப்புறச் செய்திகளுக்குப் பெயர் பெற்ற பத்திரிகையாளர் பி. சாய்நாத் டைம்ஸ் ஆஃப் இந்தியா ஃபெலோஷிப் பெற்று, நமக்குப் பக்கத்திலுள்ள ராமநாதபுரத்திலும் புதுக்கோட்டையிலும் வந்து எழுதினார். வறுமை என்பது தலைப்பு. அவர் எழுதியது ஊர் ஊராக, ஆள் ஆளாகப் பார்த்ததை.

மொழிபெயர்ப்பை மெஷினிடம் விட்டுவிடுவது

தமிழ்ச் செய்தியை ஆங்கிலமாக்க மெஷினிடம் கொடுத்தால் கண்மாய், ஏரி, ஊருணி எல்லாவற்றையும் அது ஒரே சொல்லில் முடித்துவிடும். உபரித் தண்ணீர் வழிந்து போகும் கலிங்குக்கும், பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் மடைக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போகும், உங்கள் செய்தியின் உயிரே அந்த வித்தியாசத்தில் இருந்தாலும். நீங்களே உட்கார்ந்து மொழிபெயருங்கள். ஊர்ச் சொல்லை அப்படியே வைத்துப் பக்கத்தில் அரை வரி விளக்கம் கொடுங்கள்.

பரிந்துரைக் கடிதம்

பெரிய மனிதர் வேண்டாம். உங்கள் காப்பியைத் திருத்தியவர் போதும்.

விடுப்பைக் கடைசியில் கேட்பது

தேர்வான பிறகு கேட்டால் கிடைக்காது. விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

செலவுக் கணக்கில் தன் கூலியை விட்டுவிடுவது

பஸ் செலவு, ரூம் வாடகை, பெட்ரோல் எல்லாம் எழுதுவார்கள். தன் இருபது நாள் உழைப்புக்கு ஒரு ரூபாய் எழுத மாட்டார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சம். விதிகள் அனுமதித்தால் தாராளமாக எழுதுங்கள். அந்த இருபது நாள் வேறு வேலை பார்க்க முடியாது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

வெளிநாட்டுப் பணம் என்ன பெயரில் வருகிறது என்று கேட்காதது

2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்.சி.ஆர்.ஏ., பதிவு பெற்ற பத்திரிகையின் நிருபர், பத்தி எழுத்தாளர், கார்ட்டூனிஸ்ட், ஆசிரியர் போன்றவர்கள் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது என்கிறது. சம்பளம், ஊதியம், ஸ்காலர்ஷிப், ஸ்டைபெண்ட் ஆகியவற்றுக்கு அதே சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆகவே, பணம் கணக்கில் ஏறும் முன்பே, அது எந்த வகை என்று தெளிவாக எழுதிய கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். 'ஆதரவு' என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருத்தித் தரச் சொல்லுங்கள். கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்; வருமான வரியையும் அவரே சொல்லிவிடுவார்.

உசிலம்பட்டித் தம்பி அந்தப் பத்து நாளில் மூன்று செய்திகளுக்குத்தான் தேதி கண்டுபிடித்தார். இந்தமுறை அனுப்பவில்லை. அவருடைய நல்ல செய்தியான கால்வாய்ச் செய்திக்கு இன்னும் தேதி கிடைக்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவர் அலுவலக ஃபைல் அறைக்கு இரண்டு பேருமாகப் போகிறோம்.