எழுந்து நின்றாலே நெஞ்சு படபடக்கிறதா? முதலில் பத்து நிமிடம் அளந்து பாருங்கள்

வேலூர் கத்திரி வெயிலில் எழுந்ததும் நெஞ்சு படபடவென்று அடித்தால், "உடம்புச் சூடு, மோர் குடி" என்பார்கள். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். என் தங்கைக்கு மார்கழியிலும் அதே கதை. ஒரு டாக்டர் உட்கார வைத்து நாடி பார்த்தார், 78, எல்லாம் பயம்தான் என்று அனுப்பிவிட்டார். நின்றால் வருவதை உட்கார வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்? அப்புறம்தான் வீட்டிலேயே அளந்து தாளில் எழுதிக்கொண்டு போனோம்.

காலையில், காபிக்கு முன்னால் செய்யுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடக்குமே, அது போதும். பிபி மிஷினும் இருந்தால் நல்லது. பாயில் 10 நிமிடம் அசையாமல் படுத்து நாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, குதிகால் சுவரிலிருந்து அரை அடி தள்ளியிருக்க, முதுகை மட்டும் சாய்த்து 10 நிமிடம் நில்லுங்கள். காலை ஆட்டக் கூடாது, கெண்டைக்கால் தசை அசைந்தால் அதுவே ரத்தத்தை மேலே தள்ளிக் கணக்கைக் கெடுத்துவிடும். நிமிடத்துக்கு ஒரு முறை எழுதவும், கண் இருட்டினால் உடனே படுக்க வைக்கவும் பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம்.

நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கீழே இறங்குவதால் எல்லோருக்கும் நாடி கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் படுத்திருந்தபோது குறித்த நாடியைவிட 30 (12 முதல் 19 வயது வரை 40) கூடி, குறையாமல் நின்று, பிபி பெரிதாக இறங்காமல், இந்தத் தொல்லை மூன்று மாதமாகவே இருந்தால் 'பாட்ஸ்' (POTS, எழுந்து நின்றாலே நாடி அளவுக்கு மீறி ஏறும் கோளாறு) ஆக இருக்கலாம். பிபியின் மேல் எண் 20 இறங்கினால் அது வேறு பிரச்சினை. ரத்தசோகை, தைராய்டு, சாப்பிடும் மாத்திரை, அண்மையில் வந்த காய்ச்சல், எதுவும் காரணமாகலாம் என்பதால் ஹீமோகுளோபின், தைராய்டு, ஈசிஜி மூன்றையும் கேட்டு எடுத்துவிடுங்கள்.

அதுவரை, படுக்கையை விட்டு எழும் முன்பே இரண்டு டம்ளர் தண்ணீர். உப்புப் போட்ட மோரும் உதவும், ஆனால் ரத்தக் கொதிப்போ கிட்னி, இதயக் கோளாறோ இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டாதீர்கள். பிரதோஷத்தன்று ஜலகண்டேஸ்வரர் கோயில் வரிசையில் நிற்க நேர்ந்தால், கால்களைப் பின்னி வைத்துத் தொடையை இறுக்கிக்கொள்ளுங்கள். என் தங்கை இப்படித்தான் சமாளிக்கிறாள்.

நெஞ்சு வலித்தாலோ, நடக்கும்போது மயங்கி விழுந்தாலோ, படுத்த பிறகும் படபடப்பு அடங்காவிட்டாலோ அளந்துகொண்டு உட்காராதீர்கள், நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.