ஜிம்மி ரீட் பாணியில் கிடாரும் மவுத் ஆர்கனும்: முதல் படிகள்

அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ரீடின் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை) பாட்டைக் கேட்டதும் "இதை நாமே வாசித்துவிடலாமே" என்று தோன்றும். தாராளமாக வாசிக்கலாம். 1925-இல் மிசிசிப்பியில் பிறந்த அவருக்கு கிடார் சொல்லிக் கொடுத்ததே சிறுவயது நண்பர் எடி டெய்லர்தான். கடற்படையில் இருந்து வந்தபின் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் வேண்டாமென்றது. வீ-ஜே நிறுவனம் சேர்த்துக்கொண்டது. 1955-இல் 'யூ டோன்ட் ஹேவ் டு கோ' ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) பாட்டுகளின் தரவரிசைப் பட்டியலில் 5-ஆம் இடத்துக்கு வந்தது.

கிடாரோடு, 'ஏ' ஸ்கேலில் 10 துளை மவுத் ஆர்கன் ஒன்றும், அதைக் கழுத்தில் மாட்ட ஹோல்டரும் வேண்டும். கடையில் வெறுமனே மவுத் ஆர்கன் என்று கேட்டால் இரண்டு வரிசைத் துளை உள்ளதை எடுத்துத் தருவார்கள். அது இதற்குச் சரிவராது. ஒற்றை வரிசைதான் வேண்டுமென்று கேட்டு வாங்குங்கள்.

படி 1: கிடார் மட்டும்

ஆறாவது தந்தியை (தடித்தது) அழுத்தாமல் விடுங்கள். ஐந்தாவது தந்தியின் 2-ஆவது ஃப்ரெட்டில் (கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளுக்கு இடைப்பட்ட கட்டம்) ஆள்காட்டி விரல். இரண்டு தந்தியையும் சேர்த்து இரண்டு அடி. அடுத்து மோதிர விரலால் அதே தந்தியின் 4-ஆவது ஃப்ரெட்டை அழுத்தி இரண்டு அடி. இது 'ஈ' கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்). இதையே ஒரு தந்தி கீழே தள்ளி, ஐந்தாவதைத் திறந்துவிட்டு நான்காவதை அழுத்தினால் 'ஏ'. 'பி7' கார்டை வழக்கம்போல் பிடிக்கலாம்.

நடைதான் முக்கியம். வாயால் 'தகிட தகிட' என்று சொல்லிக்கொண்டே 'த'விலும் 'ட'விலும் மட்டும் அடியுங்கள். 'கி' காலியாகவே போகட்டும். இந்தத் தள்ளாட்டம்தான் ஷஃபிள். இது கைக்கு வர எனக்கு மூன்று வாரம் ஆனது. அவசரப்படாதீர்கள்.

படி 2: பன்னிரண்டு ஆவர்த்தனம்

ஆவர்த்தனத்துக்கு நான்கு எண்ணிக்கை. 'ஈ' நான்கு, 'ஏ' இரண்டு, 'ஈ' இரண்டு, 'பி7' ஒன்று, 'ஏ' ஒன்று, 'ஈ' ஒன்று, திரும்பிப் போக 'பி7' ஒன்று.

படி 3: போனில் பதிவு செய்யுங்கள்

ஐந்து நிமிடம் ஷஃபிளை மட்டும் வாசித்துப் பதிந்துகொள்ளுங்கள். ஜிம்மியின் பல ரெக்கார்டுகளில் அடியில் ஓடும் அந்த உறுதியான கிடார் எடி டெய்லருடையது. அவர் தாங்கிப் பிடித்ததால்தான் ஜிம்மியால் நிதானமாக மேலே மிதக்க முடிந்தது. உங்களுக்கு இப்போதைக்கு அந்தப் போன்தான் எடி.

படி 4: மவுத் ஆர்கன்

பதிவை ஓடவிட்டு, கையில் பிடித்தே வாசியுங்கள். முதல் நான்கு துளைகளில் மூச்சை உள்ளே இழுத்தால் 'ஈ' கார்ட் வரும், ஊதினால் 'ஏ'. 'பி7' வரும்போது 1-ஆவது அல்லது 4-ஆவது துளையை மட்டும் இழுங்கள். கிடார் 'ஈ'யில், மவுத் ஆர்கன் 'ஏ'யில் இருப்பது இதற்காகத்தான்: பாட்டின் வீட்டு கார்ட் (பாட்டு திரும்பத் திரும்ப வந்து சேரும் 'ஈ') இழுக்கும் மூச்சில் விழுகிறது, அந்த முனகல் அதில்தான் பிறக்கிறது. ஜிம்மியின் 'ஹானஸ்ட் ஐ டூ' (1957) பாட்டில் கீச்சென்று வளையும் உச்ச சுரங்கள் வேறு வித்தை. அது ஊதும் மூச்சிலேயே சுரத்தை வளைப்பது, பின்னால் பார்க்கலாம்.

படி 5: இரண்டும் சேர்த்து

ஹோல்டரை உதட்டு உயரத்துக்கு ஏற்றி, திருகை நன்றாக இறுக்குங்கள். கழுத்து குனியக் கூடாது. முதலில் கிடாரோடு ஒரே ஒரு நீண்ட இழுப்பு, அவ்வளவுதான். பாடும்போது வரி முடிகிற இடைவெளியில் மட்டும் வாயை மவுத் ஆர்கனுக்குக் கொடுங்கள்.

வரிகள் மறந்தால் ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். ஜிம்மிக்குக் குடிப்பழக்கம் இருந்தது, வலிப்பு நோயும் சேர்ந்துகொண்டது. ஸ்டுடியோவில் மனைவி மேரி அருகில் உட்கார்ந்து அடுத்த வரியைக் காதில் மெல்லச் சொல்வார். ஹெட்போனில் 'பேபி வாட் யூ வான்ட் மீ டு டூ' போட்டு, அவர் குரலோடு ஒட்டிவரும் அந்தப் பெண்குரலைக் கேளுங்கள். அது மேரிதான்.