ஊரிலிருந்து திரும்பிய பின் உடல்நலப் பழக்கங்களை மீட்டெடுப்பது எப்படி

நவம்பர் இறுதியில் பள்ளி விடுமுறை தொடங்கியதும் தமிழகத்துக்குப் புறப்பட்டு, டிசம்பர் கடைசியில் சிங்கப்பூர் திரும்பும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். அந்தச் சில வாரங்களில் நடைப்பயிற்சி நின்றுபோகிறது, இரவு உணவு பத்து மணிக்குத் தள்ளிப்போகிறது, போகிற வீட்டிலெல்லாம் பலகாரத் தட்டு வந்துவிடுகிறது. அன்போடு கொடுப்பதை மறுக்க முடியாது, மறுக்க வேண்டியதும் இல்லை. திரும்பி வந்த பிறகு நாம் காட்டும் அவசரம்தான் சிக்கலை உண்டாக்குகிறது. முதல் திங்கட்கிழமையே பழைய வேகத்தில் ஓடி, சோற்றை அடியோடு நிறுத்தி, விட்டதையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுகட்டப் பார்ப்பவர்கள் பொங்கலுக்குள் களைத்துப்போய் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறார்கள். விட்ட இடத்துக்குச் சற்றுக் கீழேயிருந்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்குவதே நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் தூக்கத்தைச் சரிசெய்யுங்கள். இந்திய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அதனால் சென்னையில் இரவு பத்தரைக்குப் படுத்துப் பழகிய உடல், இங்கே நள்ளிரவு ஒரு மணிக்குத்தான் தூக்கத்தை நாடும். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பக் காலை 6 மணிக்கு எழும்போது, அந்த உடலுக்கு அது அதிகாலை மூன்றரை மணி. தூக்கம் குறையும்போது பசியும் இனிப்பின் மீதான நாட்டமும் கூடுவதால், தூக்கம் சீராகும் முன் உணவுக் கட்டுப்பாட்டில் இறங்குவது வீண் போராட்டமாகிவிடும். படுக்கும் நேரத்தை வலிந்து முன்னுக்கு இழுக்காமல், எழும் நேரத்தை மட்டும் வார இறுதியிலும் மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கே உதிப்பதால், பிள்ளைகள் கிளம்பிய பிறகு 20 நிமிடம் வெளியே வெளிச்சத்தில் இருப்பது உடலின் கடிகாரத்தை முன்னுக்கு நகர்த்த உதவும். அந்தக் கடிகாரம் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் நகரக்கூடியது என்பதால், பெரும்பாலானோருக்கு மூன்று நான்கு நாளில் இரவுத் தூக்கம் தானாகவே ஒழுங்குக்கு வந்துவிடும். பிற்பகலில் அரை மணி நேரத்துக்கு மேல் படுப்பதையும் மாலைக்குப் பிறகு காப்பி, தே (தேநீர்) குடிப்பதையும் அதுவரை தவிர்ப்பது நல்லது.

அந்தக் காலை 20 நிமிடமே நடைப்பயிற்சியின் தொடக்கமாகவும் அமையட்டும். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும், குறைந்தது 2 நாள் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் பெரியவர்களுக்குத் தேவை என்பது சிங்கப்பூரின் தேசிய வழிகாட்டுதல். ஆனால் முதல் வாரத்திலேயே அதை எட்ட வேண்டியதில்லை. பயணத்துக்கு முன் நடந்த நேரத்தில் பாதியோடு தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். டிசம்பரும் ஜனவரியும் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலம். பூங்கா இணைப்புப் பாதையையோ கிழக்குக் கடற்கரையையோ நம்பித் திட்டமிட்டால் பாதி நாள் மழையே காரணமாகிவிடும். உங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து எம்ஆர்டி ரயில் நிலையம் வரை கூரையுள்ள நடைபாதை இருந்தால், போய்வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று ஒருமுறை பார்த்து, அதையே மழைநாள் பாதையாக வைத்துக்கொள்ளுங்கள். இரவு உணவுக்குப் பின் பத்து நிமிடம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நடப்பதுகூட, உணவுக்குப் பின் இரத்தச் சர்க்கரை உயர்வதை மட்டுப்படுத்தும்.

உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்பவர்கள் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நான்கு வார இடைவெளியில் மூச்சுத்திறன் குறைந்துவிடுகிறது, தசை வலிமையோ அவ்வளவு விரைவாகக் குறைவதில்லை. இதனால் 'பழைய எடையைத் தூக்க முடிகிறதே' என்ற துணிவு எளிதில் வந்துவிடும். ஆயினும் எடையையும் சுற்றுகளையும் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தே தொடங்குங்கள். ஓரிரு நாள் தசைவலி இயல்பானது. கடுமையான வலி, வீக்கம், பலவீனத்தோடு சிறுநீர் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் கறுத்துப் போனால், அது தசைத் திசுக்கள் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். காத்திருக்காமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

உணவு விஷயத்தில், பெட்டியைப் பிரிக்கும் நாளிலேயே வேலை தொடங்குகிறது. முறுக்கு, அதிரசம், மிக்சர், அல்வா என்று வந்தவற்றைச் சாப்பாட்டு மேசையில் கண்ணாடிப் போத்தல்களில் அடுக்கி வைத்தால், கடந்து போகும்போதெல்லாம் கை நீளும். அன்றைக்கே அக்கம்பக்கத்தாருக்கும் அலுவலகத்துக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வேண்டியதை உள்ளே தெரியாத டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வையுங்கள். சாப்பிடுவதானால் ஒரு தட்டில் எடுத்து வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

தட்டைப் பொறுத்தவரை, பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு முழுதானியம், கால் பங்கு பருப்பு, மீன் போன்ற புரதம் என்று சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய அளவு நம் சாப்பாட்டுக்கும் பொருந்தும். சோற்றைக் குறைத்த இடத்தில் கூட்டும் பொரியலும் கூட வேண்டும், அதை வெறுமையாக விட்டால் இரவு 9 மணிக்குப் பிஸ்கட் டின் திறக்கும். காப்பிக்கடைப் பானத்தையும் படிப்படியாக இறக்கலாம்: வழக்கமான தே குடிப்பவர் ஒரு வாரம் தே சியூ டாய் (இனிப்பு குறைத்தது) என்று கேட்டு வாங்கி, அடுத்து தே சி சியூ டாய்க்கு (இனிப்பில்லாப் பாலும் குறைந்த சர்க்கரையும்) மாறி, பிறகு தே சி கோசோங்குக்கு (அதே பால், சர்க்கரை இல்லாமல்) வந்தால், நாக்கு இனிப்புக் குறைவுக்குப் பழகிவிடும்.

தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர்களுக்கு அந்த வாரங்கள் நல்ல வாய்ப்பு. எழும் நேரமும் உண்ணும் நேரமும் தட்டில் விழுவதும் முன்கூட்டியே முடிவாகி, வீடே துணை நிற்கும் காலம் அது. ஆனால் அசைவம் இல்லை என்பதற்காக வடையும் பஜ்ஜியும் சர்க்கரைப் பொங்கலும் கூடிவிடக் கூடாது. விரதம் முடிந்த மறுநாளும் தொடரப் போவது எது என்பதை விரத நாள்களிலேயே முடிவு செய்யுங்கள்; விரத நாள்களில் உண்ட அதே நேரத்தில் இரவு உணவை முடிப்பது என்ற ஒன்றே போதும்.

இடையில் ஒரு நாள் தவறினால் மனம் உடையத் தேவையில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற ஆகும் காலத்தின் நடுமதிப்பு 66 நாள் என்றும், ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாள் வரை வேறுபடும் என்றும் கணக்கிடப்பட்டது. ஒருமுறை தவறவிட்டது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எனவே மறுநாள் இரட்டிப்பாக நடந்து ஈடுகட்ட முயலாமல், வழக்கமான அளவையே செய்யுங்கள்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை உணவைக்கூட விட வேண்டாம், சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ வழக்கமற்ற மூச்சுத்திணறலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுங்கள். 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2023இல் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசாங்க சுகாதாரத் திட்டத்தின்கீழ் ஒரு குடும்ப மருத்துவரிடம் பதிந்துகொள்ளலாம். முதல் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. பயணம் முடிந்த ஜனவரியில் அந்தச் சந்திப்பை வைத்துக்கொண்டால், உடற்பயிற்சியை எந்த அளவில் தொடங்கலாம் என்பதையும் கேட்டுவிடலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நடைக் காலணியைப் பெட்டியில் மறக்காமல் வையுங்கள். நேர வேறுபாட்டால் அங்கே முதல் சில நாள் விடியற்காலையிலேயே விழிப்பு வந்துவிடும். புரண்டு படுக்காமல் எழுந்து, வெயில் ஏறும் முன் தெருவில் அரை மணி நேரம் நடந்துவிட்டு வரலாம்; அந்த ஒன்றை மட்டும் பயணம் முழுதும் விடாமல் வைத்திருந்தால், ஜனவரியில் மீட்டெடுக்க வேண்டியது பாதியாகக் குறைந்திருக்கும்.