சொந்தமாகக் கார்டு கேம் போடப் போகிறீர்களா? முதலில் இதைப் படித்துவிடுங்கள்

ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது பெரியப்பா பிடித்துக்கொண்டார். "இப்போ என்னப்பா பண்றே?" நானும் பெருமையாக, நாலு பேர் சேர்ந்து ஒரு சீட்டு போட்டிருக்கோம் என்றேன். "ஏலச்சீட்டா, குலுக்கல் சீட்டா? எத்தனை மாசம்?" என்றார். இல்லை பெரியப்பா, விளையாடுற சீட்டு, நாங்களே கண்டுபிடிச்ச விளையாட்டு என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

இப்போது யோசித்தால், ஏலச்சீட்டா என்று அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. முன்பின் தெரியாத ஆட்களிடம் முன்னாலேயே பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பின்னால் ஒரு நாள் தருகிறேன் என்று சொல்கிற தொழில் இது. பொருள் தயாராகும் முன்பே ஆதரவாளர்களிடம் பணம் திரட்டுகிற கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் திரட்டினாலும் சரி, இன்ஸ்டாகிராமில் முன்பதிவு எடுத்தாலும் சரி, கடைசிக் கட்டு கடைசி ஆள் கையில் சேரும்வரை கணக்கில் கிடக்கிற பணம் கடன்தான். நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி, இதை மறந்துவிட்டு வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதால் வந்தவை. அதில் நாங்கள் செய்ததும் உண்டு.

மாட்டிக்கொண்டால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு கதை. 2012 அக்டோபரில் அமெரிக்காவில் 'அசைலம்' என்ற சீட்டுக்கட்டுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டினார்கள். 810 பேர் சேர்ந்து கொடுத்தது 25,146 டாலர். டிசம்பரில் கட்டு வந்துவிடும் என்றார்கள், வரவில்லை. 2013 ஜூலைக்குப் பிறகு அந்தப் பக்கமிருந்து பேச்சுமூச்சே இல்லை. 2014 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வழக்குப் போட்டார், அடுத்த வருஷம் 54,851 டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. திரட்டியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இதில் அந்த மாநிலத்து ஆட்கள் 31 பேருக்குத் திருப்பித் தர வேண்டியது வெறும் 668 டாலர், மிச்சமெல்லாம் அபராதமும் வழக்குச் செலவும்.

இதைப் படித்துவிட்டு 'நாம் தாமதமே செய்யக்கூடாது' என்று முடிவு கட்டாதீர்கள், தாமதம் ஆகத்தான் செய்யும். சொன்ன தேதியில் கட்டு வரும் என்று இப்படிப் பணம் கொடுத்துப் பழகியவர்கள் யாரும் நம்புவதே இல்லை. அவர்களுக்குக் கோபம் வருவது நீங்கள் வாயை மூடிக்கொள்ளும்போது. மாதம் ஒரு முறை எழுதுங்கள். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் "இந்த மாதம் ஒன்றும் நகரவில்லை, சீட்டை வெட்டுகிற டை செய்து வரவில்லை" என்று எழுதுங்கள், கூடவே ஒரு போட்டோ. அந்தக் கடிதத்தை எழுத வெட்கமாக இருக்கும், எங்களுக்கும் இருந்தது, ஒரு மாதம் தள்ளிப்போட்டோம். அதற்குள் பணத்தைச் சுருட்டிவிட்டோம் என்று ஒருவர் எழுதிவிட்டார்.

சரி, பணத்துக்கு வருவோம். 20 டாலருக்கு ஒரு கட்டு விற்கிறீர்கள் என்று வையுங்கள். கிக்ஸ்டார்ட்டருக்கு 5 சதவீதம், 1 டாலர் போச்சு. கார்டில் பணம் வாங்கும் கட்டணம் 3 சதவீதமும் 20 சென்ட்டும், அதில் 80 சென்ட் போச்சு. கையில் நிற்பது 18.20. அச்சு, பெட்டி, கப்பல் எல்லாம் சேர்த்து 5 டாலர் என்றால் மிச்சம் 13.20. 'உலகம் முழுக்க டெலிவரி இலவசம்' என்று உற்சாகத்தில் எழுதியிருந்தால், வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒவ்வொரு பார்சலுக்கும் இதிலிருந்துதான் தபால்செலவு போக வேண்டும். டெலிவரிக் காசை முன்கூட்டியே விலைக்குள் அடக்கி வாங்கிவிடாதீர்கள், அனுப்புகிற சமயத்து ரேட்டில் தனியாக வாங்குங்கள். நடுவில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். 2021 ஜூலை 1 வரை 22 யூரோவுக்குக் குறைந்த பார்சல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாட் வரி இல்லாமல் போகலாம், சின்னச் சீட்டுக்கட்டெல்லாம் அந்த ஓட்டையில்தான் போய்க்கொண்டிருந்தது, அன்றோடு அதை அடைத்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் சீனச் சரக்குக்கு அமெரிக்கா போட்ட வரி ஒரு கட்டத்தில் 145 சதவீதத்தைத் தொட்டது. அந்த நேரத்தில் சீனாவில் அச்சடித்துவிட்டு அமெரிக்காவுக்கு அனுப்பக் காத்திருந்தவன் பாவம்.

கடைக்குப் போடுவது இன்னொரு கணக்கு. 25 டாலர் விலை போட்ட கட்டை அமெரிக்காவில் கடைக்காரர் ஏறக்குறைய பாதி விலைக்கு எடுப்பார், அவருக்குக் கொடுக்கிற மொத்த வியாபாரி உங்களிடம் 10 டாலருக்குத்தான் எடுப்பார். அதனால்தான் அடக்கவிலையைப் போல ஐந்து மடங்கு விலை வை என்று இந்தத் தொழிலில் சொல்வார்கள். கேட்கும்போது பகல்கொள்ளை மாதிரி இருக்கும். மூன்று மடங்கு வைத்துவிட்டுக் கடைக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் இந்த 'ஸ்ட்ரெச் கோல்' வியாதி. இவ்வளவு சேர்ந்தால் இன்னும் 5 சீட்டு, அவ்வளவு சேர்ந்தால் ஒரு துணிப்பை, உலோகக் காசு! சாதாரணச் சீட்டுக்கட்டு என்பது 52 சீட்டும் 2 ஜோக்கரும், அதனால் பல அச்சகங்களில் ஒரு ஷீட்டுக்கு 54 சீட்டு என்றே எல்லாம் அமைந்திருக்கும். 54 சீட்டு விளையாட்டுக்கு ஆசையாக நாலு சீட்டு சேர்த்தால் இரண்டாவது ஷீட் ஓட்டியாக வேண்டும், பெட்டி பெரிதாகும், எடை கூடும், தபாலில் அடுத்த ஸ்லாபுக்குப் போய்விடும். நாலு சீட்டுக்காக எல்லாவற்றையும் திரும்ப விலை பேச வேண்டும். 2015ல் எக்ஸ்ப்ளோடிங் கிட்டன்ஸ் என்ற சீட்டு விளையாட்டைப் போட்டவர்கள் கிக்ஸ்டார்ட்டரில் 10,000 டாலர் கேட்டு 87,82,571 டாலர் வாங்கினார்கள், 2,19,382 பேரிடமிருந்து. பணம் ஏற ஏறப் பொருளை ஏற்றாமல், ஆதரவாளர்களுக்கே வேடிக்கையான வேலைகள் கொடுத்தார்கள், படம் எடுத்துப் போடு, வேஷம் கட்டு என்று. கூட்டத்துக்குக் கொண்டாட்டம். அந்த வருஷமே அனுப்பியும் முடித்தார்கள். தொகையைப் பார்த்து வாயைப் பிளக்கிறோமே தவிர இந்தச் சாமர்த்தியத்தை யாரும் கவனிப்பதில்லை.

இனி எங்கள் சொந்த மானக்கேடு. முதல் அச்சு 500 கட்டு, சீட்டின் முதுகு ஒரே ஆழ்ந்த நீலம், அழகாகத்தான் இருந்தது. எட்டு மாதம் கழித்து 18 சீட்டு கூடுதல் கட்டு ஒன்று போட்டோம். அதே அச்சகம், அதே ஃபைல். டியூப்லைட் வெளிச்சத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், வித்தியாசமே இல்லை, ஓகே சொல்லிவிட்டோம். விளையாட வந்த ஒரு பள்ளிக்கூடப் பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தான். நாலாவது ஆட்டத்தில் அவனே சொன்னான்: "அண்ணா, மேல இருக்கிற சீட்டு கொஞ்சம் ஊதாவா இருந்தா அது புதுசு." வெயிலில் பார்த்தால் அப்பட்டமாகத் தெரிகிறது! கலைத்துப் போடுகிற விளையாட்டில் முதுகைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடலாம் என்றால் அது விளையாட்டே இல்லை.

அதனால் முதுகுக்கு வெறும் ஒரே நிறத்தை அடிக்காதீர்கள், நெருக்கமான கோலம் மாதிரி டிசைன் வையுங்கள், சின்ன நிற மாற்றம் அதில் மறைந்துவிடும். ஓரத்தில் மெல்லிய பார்டர் வைக்காதீர்கள், கட்டிங் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் ஒரு பக்கம் தடிமனாகத் தெரியும், அதுவும் அடையாளச் சீட்டுதான். முதல் அச்சில் பத்துக் கட்டைப் பிரிக்காமல் இருட்டில் வைத்திருங்கள், அடுத்த முறை அச்சகத்துக்கு அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கம்ப்யூட்டர் திரையைக் காட்டிப் பேசுவதில் பயனே இல்லை. பேப்பர் எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), லேமினேஷன் மேட்டா கிளாஸா என்பதையும் பில்லில் எழுதி வாங்குங்கள், கண்ணுக்குத் தெரியாத தடிமன் விரலுக்குத் தெரியும்.

எப்போது அச்சடிப்பது என்பதிலும் ஏமாறுவோம். சீனாவில் என்றால் சீனப் புத்தாண்டுக்கு வாரக்கணக்கில் எல்லாம் மூடிவிடும். சிவகாசியில் என்றால் ஆடிப்பெருக்கில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட்டதிலிருந்து வருஷக் கடைசிவரை காலண்டர்தான் ராஜா. நவம்பரில் 500 கட்டைத் தூக்கிக்கொண்டு போனால் நம் வேலை எங்கே நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கூட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் முப்பது பேர்கூடச் சேராத ஒரு குழுவில், அதாவது சர்வரில், முதல் நாளே நாற்பது சேனல் திறந்து வைப்பார்கள், ஆளில்லாத கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும். மூன்று போதும். விதி பற்றிய சந்தேகங்களுக்கு அங்கேயே பதில் சொல்லி விட்டுவிடுவதும் தப்பு, ஒரு வாரத்தில் அது மேலே ஓடிப் புதைந்துவிடும், அதே கேள்வி திரும்ப வரும், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் வேறு பதில் சொல்லியிருப்பீர்கள், இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட ஒருத்தர் நிச்சயம் இருப்பார். தேதி போட்ட ஒரே விதி ஆவணம், அதில் இருப்பதுதான் முடிவு. அடுத்தது, சர்வரில் தினமும் சத்தம் போடுகிற பத்துப் பேரை விளையாடுகிறவர்கள் அத்தனை பேர் என்று நினைத்துக்கொள்வது. அவர்கள் 'இந்தச் சீட்டு ரொம்பப் பலம், மாற்று' என்பார்கள். வாங்கினவர்களில் பெரும்பாலானோர் அந்தச் சர்வரை எட்டிப்பார்த்ததே இருக்காது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகளோடு விளையாடிவிட்டுப் பெட்டியை மூடி வைத்திருப்பார்கள். அவர்களின் மின்னஞ்சல் முகவரி உங்கள் கையில் இருக்க வேண்டும். சர்வரும் இன்ஸ்டாகிராம் பக்கமும் வாடகை வீடுதான்.

இன்னொன்று. ராத்திரி ஒரு மணிக்கு மோசமான விமர்சனத்துக்குப் பதில் எழுதாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை.

'இனி எப்போதும் கிடைக்காது' என்று சொல்வதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நிதானமாக யோசியுங்கள். மேஜிக் தி கேதரிங் என்ற, சீட்டுகளைச் சேர்த்து விளையாடுகிற விளையாட்டு 1993ல் வந்தபோது அதை வெளியிட்ட விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்டும் சின்னக் கம்பெனிதான். 1995ல் பழைய சீட்டுகளை மறுபடி அச்சடித்தார்கள், சேர்த்து வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள், 1996ல் 'இந்தப் பட்டியலில் உள்ள சீட்டுகளை இனி அடிக்கவே மாட்டோம்' என்று வாக்குக் கொடுத்தார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகிறது, அந்த வாக்கு இன்னும் கழுத்தில் தொங்குகிறது, அந்தச் சீட்டு தேவைப்படுகிற புது ஆட்டக்காரர் தங்கம் வாங்குவது போல வாங்க வேண்டியிருக்கிறது. முதலில் பணம் கொடுத்தவருக்கு ஏதாவது தனியாகத் தர ஆசை என்றால் வேறு ஓவியம் போட்ட சீட்டு கொடுங்கள். ஆட்டத்தையே மாற்றுகிற சீட்டை அவருக்கு மட்டும் கொடுத்தால், பின்னால் வருகிறவர் பாதி விளையாட்டை வாங்கியவராகிவிடுவார்.

பெயரும் இரவல் உரிமையும் இன்னொரு தலைவலி. நெட்ரன்னர் என்ற சீட்டு விளையாட்டை, மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டு 1996ல் உருவாக்கினார். 2012ல் ஃபேன்டசி ஃப்ளைட் கேம்ஸ் என்ற கம்பெனி உரிமம் வாங்கி அதைப் புதுப்பித்து நடத்தியது, நல்ல கூட்டம். 2018ல் உரிமம் முடிந்தது, விளையாட்டும் நின்றது. கூட்டம் கலையவில்லை. ரசிகர்களே லாப நோக்கமில்லாத அமைப்பாகச் சேர்ந்து புதுச் சீட்டுகளை வெளியிட ஆரம்பித்தார்கள், வீட்டிலேயே அச்சடித்துக்கொள்ள ஃபைலை இலவசமாகவும் கொடுத்தார்கள், இன்றுவரை ஓடுகிறது. அவர்கள் வைத்த முதல் பெயர் நிசெய். ஜப்பானிலிருந்து குடியேறியவர்களின் இரண்டாம் தலைமுறையைக் குறிக்கிற சொல் அது, ஒரு சமூகத்தின் அடையாளச் சொல்லை இப்படி எடுத்துக்கொள்ளலாமா என்ற சங்கடம் இருந்தது, 2022ல் நல் சிக்னல் கேம்ஸ் என்று மாற்றினார்கள். பெயர் வைக்கும் முன் அந்தச் சொல் யாருடையது என்று விசாரித்தால் இந்தச் சிரமம் மிச்சம். அவர்களுடைய புதுச் சீட்டின் முதுகும் பழையதும் வேறு வேறு, ஒளி ஊடுருவாத உறை போட்டுத்தான் கலந்து விளையாட வேண்டும். எங்கள் ஊதாப் பிரச்சினைக்கும் கடைசியில் அதே வைத்தியம்தான், வாங்கின அத்தனை பேருக்கும் எங்கள் செலவில் உறை.

'என் ஐடியாவைத் திருடிவிடுவார்கள்' என்று யாருக்கும் காட்டாமல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி: விளையாட்டின் விதிமுறைக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கிடையாது. பேங் என்ற சீட்டு விளையாட்டை வெளியிட்டவர்கள் இன்னொருவர் மேல் போட்ட வழக்கில் டெக்சாஸ் நீதிமன்றம் 2016ல் அதைத்தான் சொன்னது. ஓவியமும் எழுத்தும் பெயரும் காப்பாற்றிக்கொள்ளக் கூடியவை. விதியை ஊருக்கே காட்டிச் சோதித்துப் பாருங்கள், அதுவும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லாமல்.

கடைசியாக, உபரிக் கட்டு. நூற்றுக்கு ஐந்தாவது கூடுதலாக அடித்து வையுங்கள், யாருக்காவது சீட்டு குறைந்தால் ஒரு கட்டைப் பிரித்து எடுத்து அனுப்பலாம். நாங்களும் வைத்திருந்தோம். முதல் வாரமே மெயில்: "எனக்கு 37ஆம் சீட்டு இரண்டு வந்திருக்கிறது, 38 இல்லை." ஒரு கட்டைப் பிரித்தோம். அதிலும் 37 இரண்டு. அடுத்ததைப் பிரித்தோம். இப்போது பிரித்த கட்டு ஒன்பது அலமாரியில் இருக்கிறது, ஒன்றில்கூட 38 இல்லை.