பஸ்ட் ஆகவில்லை, ஆனாலும் தோற்றீர்கள்: பிளாக்ஜாக் பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல், மேசைக்காகச் சீட்டுப் போடும் டீலரைவிடப் பெரிய கை சேர்க்கும் ஆட்டம். 21-ஐத் தாண்டினால் பஸ்ட். அதில் பேசிக் ஸ்ட்ராட்டஜி, அதாவது எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அட்டவணை, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு எதிரே உட்கார்ந்து சீட்டுப் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். ஆள் மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதே இல்லை. பழகிய எல்லோரும் ஒரு காலத்தில் செய்தவைதான். இரண்டு பத்துகளைத் தனித்தனிக் கைகளாகப் பிரிக்கக் கூடாது, 5-5ஐப் பிரிக்கக் கூடாது என்பதெல்லாம் அட்டவணையை ஒருமுறை பார்த்தாலே பிடிபட்டுவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இங்கே வரும் எண்கள் எல்லாம், ஆறு கட்டுச் சீட்டு வைத்து, டீலர் எந்த 17 வந்தாலும் நின்றுவிடும் மேசைக்கானவை.

பஸ்ட் பயத்தில் நின்றுவிடுவது

இதைப் பார்க்கும்போது இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். அண்மையில் ஒரு தம்பிக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கையில் ராஜாவும் 2-ம், அதாவது 12. என் பக்கம் திறந்திருந்த சீட்டு 7. கையை அசைத்து, ஸ்டாண்ட் என்றான், அதாவது இனிச் சீட்டு வேண்டாம்.

"ஏன்டா நின்னுட்ட?"

"ஒரு பத்து வந்தா போச்சேண்ணா."

மூடியிருந்த சீட்டைத் திருப்பினேன். ராணி. எனக்கு 17. அவன் முகத்தில் வருத்தமே இல்லை. "பரவால்லண்ணா, பஸ்ட் ஆகலையே" என்றான். பஸ்ட் ஆகாமலே பந்தயம் போனது அவன் கணக்கில் தவறாகவே பதியவில்லை. சீட்டு வாங்கி 22 ஆகியிருந்தால் மட்டும் அன்று முழுக்கப் புலம்பியிருப்பான்.

இந்தப் பயத்துக்கு அடியில் ஓர் உண்மை இருக்கிறது. நாம் முதலில் ஆடுகிறோம். நாம் பஸ்ட் ஆனால் பணம் அப்போதே போய்விடும். பின்னால் டீலரும் பஸ்ட் ஆனாலும் திரும்பி வராது. மேசைக்காரர்களின் லாபத்துக்கு வேரே இதுதான். அதனால் பஸ்ட்டையே தவிர்த்துவிட்டால் போதும் என்று முடிவுகட்டுவதுதான் தப்பு.

டீலர் 17-க்குக் கீழே நிற்க மாட்டார். ஆகவே 12-ல் நின்றாலும் 16-ல் நின்றாலும் நமக்கு ஒன்றேதான்: டீலர் பஸ்ட் ஆனால் ஜெயம், ஆகாவிட்டால் தோல்வி. '16 கொஞ்சம் பெரிய கை' என்ற நினைப்பை முதலில் தலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். திறந்த சீட்டு 7 என்றால் டீலர் பஸ்ட் ஆவது 100-க்குச் சுமார் 26 தடவை. நின்றால் 26 ஜெயம், 74 தோல்வி. நிகரமாக 48 பந்தயம் போகிறது.

12-ல் சீட்டு வாங்கினால் என்ன ஆகும்? 13 வகைச் சீட்டில் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா ஆகிய நான்குதான் நம்மைக் கவிழ்க்கும். 5 முதல் 9 வரை எது வந்தாலும் 17 அல்லது அதற்கு மேல் ஒரு கை அமைந்துவிடும். நிகர நஷ்டம் 48-லிருந்து ஏறக்குறைய 21-க்கு இறங்குகிறது. 16-ல் கதை மோசம்தான். எட்டு வகைச் சீட்டு கவிழ்க்கும். அப்போதும் வாங்கினால் போவது சுமார் 41, நின்றால் 48. கை மோசமானது என்பதற்காகக் கூடுதலாக ஏழு பந்தயத்தையும் விட்டுக்கொடுப்பானேன்?

இது யாரோ ஒரு சூதாடியின் அனுபவ ஞானம் இல்லை. பால்ட்வின், கேன்டி, மைசல், மெக்டர்மட் என்று அமெரிக்க ராணுவத்தின் அபர்தீன் தளத்தில் இருந்த நால்வர், மேசைமேல் வைக்கும் கணக்கு இயந்திரங்களைத் தட்டித் தட்டியே எந்தக் கைக்கு என்ன செய்வது என்று கண்டுபிடித்து 1956-ல் வெளியிட்டார்கள். அதன்படி ஆடினால் மேசையின் அனுகூலம், அதாவது கட்டும் பணத்தில் சராசரியாக மேசைக்குப் போவது, அரை சதவீத அளவில் நிற்கும். ஒருபோதும் பஸ்ட் ஆக மாட்டேன் என்று ஆடினால் அது சுமார் 4 சதவீதம். ஒரே ஒரு பயத்துக்கு எட்டு மடங்கு விலை.

நிற்க வேண்டிய இடமும் உண்டு. டீலரிடம் 4, 5, 6 இருந்தால் 12-லேயே நில்லுங்கள். அவர் பஸ்ட் ஆவது 100-க்கு 40 அல்லது அதற்கும் மேல். 2-க்கும் 3-க்கும் எதிரே 12 என்றால் வாங்க வேண்டும். 13 முதல் 16 வரை 2-லிருந்து 6 வரைக்கும் நிற்கலாம். 7 தெரிந்துவிட்டால் நிற்கும் பேச்சே கிடையாது.

ஏஸ்-7ஐப் பார்த்துத் திருப்தி அடைவது

ஏஸை 11 என்று எண்ணினால் இது 18. நல்ல கை என்று எல்லோருக்கும் தோன்றும். டீலரிடம் 9 இருக்கும்போது நின்றால் 100-க்குச் சுமார் 18 பந்தயம் போகும், வாங்கினால் 10தான் போகும். ஏஸை ஒன்றாக எண்ணிக்கொள்ளலாம் என்பதால் ஒரு சீட்டில் பஸ்ட் ஆகவே முடியாது. 9, பத்து, ஏஸ் என்றால் வாங்குங்கள். 3 முதல் 6 வரை டபுள், அதாவது பந்தயத்தை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு வாங்குவது. மிச்சத்துக்கு நில்லுங்கள்.

8-8 கையில், எதிரே பத்து: தயங்குவது

பிரியுங்கள்.

இன்சூரன்ஸ், ஈவன் மணி

டீலர் ஏஸ் காட்டியதும் இன்சூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார். நம் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மூடிய சீட்டு பத்தா என்று கட்டும் தனிப் பந்தயம் அது. மிச்சமுள்ள 311 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 96. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மடங்கு என்று 192 வரும், மற்ற 215-ல் போகும்.

பிளாக்ஜாக் கைக்கு உடனே ஒன்றுக்கு ஒன்று வாங்கிக்கொள்ளும் ஈவன் மணியும் இதேதான். நம்மிடம் பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும்), டீலரிடம் ஏஸ் என்றால் 309 சீட்டு பாக்கி. ஈவன் மணி வாங்கினால் 309 தடவைக்கு 309 பந்தயம் உறுதி. வேண்டாம் என்றால் 214 தடவை ஒன்றரை வீதம் 321. வெளியான சீட்டுகளை எண்ணி வைக்கத் தெரிந்தவருக்கு மட்டும் இது வேறு கணக்கு.

பிளாக்ஜாக்குக்கு 5-க்கு 6 மட்டும் தரும் மேசையில் உட்காருவது

பத்து கட்டினால் பிளாக்ஜாக்குக்கு 15-க்குப் பதில் 12. மேசையின் அனுகூலம் சுமார் 1.4 சதவீதம் ஏறுகிறது. எழுந்துவிடுங்கள்.

கடைசி இருக்கைக்காரரைத் திட்டுவது

டீலருக்கு முன்னால் கடைசியாக ஆடுபவர் அவர். அவர் எடுத்த சீட்டு உங்களைக் கெடுக்கவும் காப்பாற்றவும் ஒரே வாய்ப்புத்தான்.

வேறு மேசையின் அட்டவணையை மனப்பாடம் செய்வது

மேசைத் துணியில் எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். டீலர் சாஃப்ட் 17-ல் (ஏஸை 11 என்று எண்ணி வரும் 17-ல்) சீட்டு வாங்குவார் என்று இருந்தால், ஏஸுக்கு எதிரே 11, 2-க்கு எதிரே ஏஸ்-7, 6-க்கு எதிரே ஏஸ்-8 ஆகிய மூன்றும் டபுளாக மாறும். சரண்டர் உள்ள மேசையானால் பத்துக்கு எதிரே வரும் 16ஐ, 8-8 தவிர, பாதிப் பணத்தோடு விட்டுவிடலாம்.